ஒன்றேகால் காற்று

காலை ஏழு மணிக்குள் ஐதா நான்கு முறை கழிப்பறைக்குப் போய் வந்துவிட்டாள். ஐந்தாவது முறை எழுந்தபோது, அங்கேயே ஒரு நாற்காலி போட்டுத் தரட்டுமா என்று அண்ணன் குர்தின் தலையைத் தூக்காமலே கேட்டான். அவள் எழுந்த இடத்திலேயே மறுபடி உட்கார்ந்தாள். மேசைமேல் இருந்த வாதுமைக் கேக்கில் ஒரே ஒரு கடிதான் குறைந்திருந்தது. அதுவும் குர்தின் கடித்தது.

தேவாலயத்துக்கு எதிரே இருந்தது குர்தினின் கடை. குளிர்காலத்தில் பனிச்சறுக்குக் கட்டைகளை வாடகைக்கு விடுவான். கோடை வந்தால் அதே ஆணிகளில் சைக்கிள் சக்கரங்கள் ஏறிவிடும். இப்போது சுவரில் மூன்று சக்கரங்கள் வரிசையாகத் தொங்கின. ராத்திரி முழுக்க மழை. ஐந்து மணிக்கு நின்றது. பதினோரு மணிக்குப் பெண்கள் மலைச்சைக்கிள் பந்தயம், ஐந்து சுற்று. எந்தச் சக்கரம் என்று இன்னும் முடிவாகவில்லை.

முதல் சக்கரத்தில் மொட்டை டயர். நடுவில் மழமழவென்று இருக்கும், புல்வெளி ஏற்றத்தில் பறக்கும், ஈரத்தைக் கண்டால் நம்மைக் கைவிட்டுவிடும். மூன்றாவதில் பல்லன். விரல் நகம் அளவுக்குப் பல் பல்லாக, இடைவெளி விட்டு, சேற்றைக் கவ்வுவதற்கென்றே செய்தது. தார் ரோட்டில் போனால் யாரோ பின்னால் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும். நடுவில் தொங்கியது நடுவாந்தரம். பல் குட்டை. ரப்பர் மட்டும் மெத்தென்று, நகத்தால் அழுத்தினால் தழும்பு நிற்கும்.

பிரதாச் என்ற அந்த மலையூரில் போட்டியிட இருந்த நாற்பத்தாறு பெண்களுக்கும் அன்று காலை இதே கவலைதான். ஆனால் ஐதாவின் கவலை டயரில் ஆரம்பித்து ஏணியில் போய் முடிந்தது.

ஏணி என்பது பாதையின் மூன்றாவது கிலோமீட்டரில், காட்டுக்குள், அறுபது மீட்டர் நீளத்துக்குத் தலைகுப்புற இறங்கும் சரிவு. பைன் மர வேர்கள் குறுக்கும் நெடுக்குமாகப் படி கட்டியிருக்கும். அதில் மேலிருந்து மூன்றாவது வேருக்கு முழங்கை என்று பெயர், மடக்கிய கை மாதிரியே இருப்பதால். ஏணி வேண்டாம் என்பவர்களுக்கு வலது பக்கம் ஒரு சுற்றுவழி உண்டு. அதில் போனால் ஒவ்வொரு சுற்றுக்கும் பதினோரு நொடி நஷ்டம். கைக்குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டே இறங்கிவிடலாம் என்று ஊரில் அதற்குத் தள்ளுவண்டிப் பாதை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

போன வருடம் இதே பந்தயத்தில் முழங்கைமேல் ஐதாவின் முன்சக்கரம் வழுக்கியது. தோளெலும்பு முறிந்த சத்தத்தை அவள் காதாலேயே கேட்டாள், யாரோ காய்ந்த சுள்ளியை முழங்காலில் வைத்து ஒடித்த மாதிரி. முகத்துக்கு நேராகப் பைன் பிசின் வாசனை. இன்றைக்கும் அந்த வாசனை வந்தால் அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிடுவாள். ஊர் இருக்கும் எங்கடின் பள்ளத்தாக்கில் பைன் வாசனை இல்லாத இடம் எது? அலமாரிகூடப் பைன்தான்.

அதற்குப் பிறகு அவள் ஒரே ஒரு தடவைகூட ஏணியில் இறங்கவில்லை. இது யாருக்கும் தெரியாது. குர்தினிடம் இருபது தடவை இறங்கிவிட்டதாகச் சொல்லியிருந்தாள். உண்மையில் ஒவ்வொரு தடவையும் ஏணியின் உச்சியில் போய் நிற்பாள். ஒரு கால் தரையில், ஒரு கால் பெடலில். கீழே பார்ப்பாள். பிறகு தள்ளுவண்டிப் பாதையில் இறங்கி, வழியில் ஓடைக்கரைச் சேற்றில் வேண்டுமென்றே சைக்கிளை விட்டு, நன்றாக அழுக்காக்கிக்கொண்டு கடைக்கு வருவாள். குர்தின் ஒன்றும் சொல்லாமல் கழுவுவான்.

இன்றும் இறங்க முடியாவிட்டால் இதோடு சரி என்று அவள் முடிவு செய்திருந்தாள். பந்தய உரிம அட்டையைத் திங்கட்கிழமை தபாலில் திருப்பி அனுப்பிவிடுவது. பள்ளத்தாக்கின் கீழே ஒரு பல் மருத்துவர் உதவிக்கு ஆள் கேட்டிருந்தார், அங்கே சேர்ந்துவிடுவது. உறை வாங்கி, முகவரி எழுதி, தபால்தலையும் ஒட்டி, கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள். இருபத்துநான்கு வயதில் ஓய்வு பெற்றவள் என்று யாராவது கேலி செய்தால் செய்துகொள்ளட்டும். இறங்கினால் உறையைக் கிழிப்பது. அவ்வளவுதான் கணக்கு.

"பல்லன் போடு. ரெண்டு பக்கமும்," என்றாள்.

குர்தின் ஆறு மணிக்கே பாதை முழுக்க நடந்துவிட்டு வந்திருந்தான். விரல் நுனியெல்லாம் கறுப்பு. புல்வெளி பத்து மணிக்குள் காய்ந்துவிடும், காற்று நல்லா அடிக்கிறது, கல் இப்போதே காய்ந்தாயிற்று என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். வேர் மட்டும் சாயங்காலம் வரை காயாது. சோப்பு தடவிய மாதிரி இருக்கிறது.

"அதான் சொல்றேன், பல்லன்."

"வேருக்குப் பல்லு எதுக்கு? வேரு என்ன சேறா, கடிக்கறதுக்கு? நீளப் பல்லு வேர்மேல நின்னா மடங்கும், மடங்கினா நழுவும். வேருல பிடிச்சு நிக்கறது ரப்பரும் காத்தும் மட்டுந்தான். மெத்து ரப்பர், கம்மிக் காத்து."

அவன் சொல்வது சரி என்று ஐதாவுக்குத் தெரியும். பதினாறு வயதிலிருந்து பந்தயத்தில் ஓட்டுகிறாள், தெரியாமல் என்ன? ஆனால் பயந்த மனசுக்குப் பல் பெரிதாகத் தெரிந்தால்தான் தெம்பு. பல்லன் சக்கரத்தை ஆணியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு பல்லாகக் கட்டைவிரலால் வளைத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றும் வளைந்துகொடுத்தது. தைரியத்துக்காக எடுத்தது, வளைக்க வளைக்க இருந்த தைரியத்தையும் எடுத்தது. திரும்பவும் மாட்டிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து சொலேன் குழுவின் மெக்கானிக் உள்ளே வந்து, வால்வு மூடி ஒன்று வேண்டும் என்றான். சொலேன்தான் போன வருடம் ஜெயித்தவள். வியாழக்கிழமையிலிருந்து அந்த ஆள் வாங்கும் மூன்றாவது மூடி அது. கண் முழுக்கச் சுவரில். குர்தின் நிதானமாக எழுந்து, மூன்று சக்கரங்கள்மேலும் ஒரு பெரிய குளியல் துண்டை விரித்துப் போட்டுவிட்டு மூடியைத் தேடினான். உங்கள் ஊரில் மூடியை மென்று தின்கிறீர்களா என்று விசாரித்தான். வந்தவனும் சிரித்துக்கொண்டே, உங்கள் துண்டு அழகாயிருக்கிறது என்று சொல்லிப் போனான். இதெல்லாம் வழக்கம்தான். பந்தயக் காலையில் மற்றவன் டயரை எட்டிப் பார்க்காதவனை யாரும் மெக்கானிக் என்றே மதிக்க மாட்டார்கள்.

கடைசியில் முன்னால் நடுவாந்தரம், பின்னால் மொட்டை என்று முடிவாயிற்று. முடிவு செய்தது குர்தின்; ஐதா தலையை மட்டும் ஆட்டினாள். அவன் டயருக்குள் பாலை ஊற்றினான், முள் குத்தினால் தானாக அடைத்துக்கொள்ளும் வெள்ளைப் பால். சக்கரத்தைச் சுழற்றி, காதருகே வைத்து உள்ளே அது சலசலப்பதைக் கேட்டான். பிறகு அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து காற்றடித்தான். 'பார்' கணக்கில் அழுத்தம் காட்டும் அளவுமானியை வைத்துப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் அடித்தான்.

"எவ்வளவு?"

"முன்னாடி ஒண்ணேகால்."

எப்போதும்போல வால்வின்மேல் வெள்ளை நாடாவை ஒட்டி, பேனாவால் ஏதோ எழுதினான். ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஒன்று எழுதுவான். போன மாதம், 'கை வைத்தால் கை இருக்காது'. இந்த முறை, 'தொடாதே. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.' அவன் எழுதியதை அவள் ஒருநாளும் மதித்ததில்லை. எழுதுவது அவன் வேலை, மீறுவது அவள் வேலை என்று ஆறு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது.

பதினொன்றுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது நாற்பத்தாறு பேரும் தொடக்கக் கோட்டில் வரிசையாக நின்றார்கள். ஐதா இரண்டாவது வரிசை. முன்னால் சொலேனின் முதுகு. ஒலிபெருக்கியில் யாரோ ஊர்ப் பெண் ஊர்ப் பெண் என்று ஐதாவின் பெயரைச் சொல்ல, கூட்டம் மாட்டு மணிகளைக் குலுக்கியது. கையுறைக்குள் விரல்கள் நனைந்து போயிருந்தன. மழையே இல்லையே, இது எங்கிருந்து ஈரம் என்று ஒரு கணம் நினைத்தாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. ஸ்ஸ்ஸ்.

முன் வரிசையில் சொலேன் குனிந்து தன் வால்வைத் திறந்திருந்தாள். அரை நொடிதான். ஆனால் அந்தச் சத்தம் ஒட்டுவாரொட்டி. கோட்டில் நிற்கிற எல்லோருக்கும் ஏற்கனவே உள்ளுக்குள் சந்தேகம். காற்று ஜாஸ்தியோ, வேரில் துள்ளுமோ. ஜெயிக்கிறவளே குறைக்கிறாள் என்றால் அவளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. வலது ஓரத்தில் ஒருத்தி குனிந்தாள், ஸ்ஸ். பின்னால் மூன்று பேர். அளவுமானி கிடையாது, பம்ப் கிடையாது, வெளியே விட்ட காற்றைத் திரும்ப அடைக்க முடியாது. இருந்தும் சீறல் வரிசை வரிசையாகப் பரவியது. குர்தின் இதற்குப் பாம்புப் புற்று என்று பெயர் வைத்திருந்தான்.

ஐதாவின் கை தானாகக் கீழே போயிற்று. ஒவ்வொரு பந்தயத்திலும் போகிற கைதான். மூடியைக் கழற்றி, வால்வை அழுத்தி, ஒன்று, இரண்டு என்று உதட்டுக்குள் எண்ணி விட்டுவிடுவாள். எப்போதும் இரண்டு எண்ணிக்கை. ஆனால் இன்று விரல் நாடாவில் பட்டதும் நின்றது. விரல் நடுங்கிக்கொண்டிருந்தது. இந்தக் கை என் கை இல்லை, பயத்தின் கை, இது சொல்வதைக் கேட்டால் இன்னும் எலும்பு ஒடியும் என்று அவளுக்குத் தோன்றியது. குர்தினின் கை நடுங்காது. ஒன்றேகால் என்று அவன் சொன்னால் ஒன்றேகால். அதில் தொங்கிக்கொள்ளலாம்.

நிமிர்ந்தாள். ஆறு வருடத்தில் முதல் தடவையாகத் தொடவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் குர்தின் நிற்பானே என்று பார்த்தாள். நடுவில் ஒரு கேமராக்காரனின் முதுகு மறைத்தது.

துப்பாக்கி வெடித்தது.

முதல் சுற்றில் புல்வெளி ஏற்றம் எப்படிப் போயிற்று என்றே அவளுக்கு நினைவில்லை. கால்கள் அவற்றின் வேலையைப் பார்த்தன. காட்டுக்குள் நுழையும்போது ஒன்பதாவது இடம். பிசின் வாசனை. ஏணியின் உச்சியில் மஞ்சள் கொடியும் மாட்டு மணியுமாக ரியேத் நின்றிருந்தார். பாலாடைக்கட்டி செய்கிறவர், போன வருடம் அவளைத் தூக்கி உட்காரவைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை ஏதேதோ மாட்டுக் கதை சொல்லிக்கொண்டிருந்தவர். அவர் முகத்தைப் பார்த்ததும் தள்ளுவண்டிப் பாதைப் பக்கம் திரும்பியிருந்த சக்கரம் நேரானது. வெட்கத்தால்தான். தைரியம் ஒன்றும் இல்லை.

முதல் வேர். டயர் அதன்மேல் உட்காரவில்லை. ரப்பர் பந்து மாதிரி துள்ளியது. இரண்டாவது வேரில் தரையைத் தொட்டது, பிடிக்கவில்லை, முன்சக்கரம் இடது பக்கம் ஒரு சாண் வழுக்கியது. கைப்பிடி வழியாக அந்த வழுக்கல் நேரே தோளெலும்புக்கு வந்து சேர்ந்தது. ஐதா காலை ஊன்றிவிட்டாள். இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாக நடந்தாள். பின்னால் வந்த ஒரு ஜெர்மன்காரி, நடைப்பயணம் போகிறவர்களுக்கு வலது பக்கம் வழி போட்டிருக்கிறார்களே என்று மரியாதையாகவே சொல்லிவிட்டுத் தாண்டிப் போனாள்.

டயர் சரியான டயர். காற்று சரியான காற்று. அப்படியென்றால் கெட்டுப்போனது நான்தான். அடுத்த ஏற்றம் முழுக்க இதே நினைப்பு பெடலோடு சேர்ந்து சுற்றியது.

இரண்டாவது சுற்றில் ரியேத் பக்கம் பார்க்காமலே தள்ளுவண்டிப் பாதையில் திரும்பினாள். பாதை அகலமாக, பத்திரமாக, அசிங்கமாக இருந்தது. ஓரத்தில் நின்ற கூட்டம் மணி ஆட்டவில்லை. ஊர்ப் பெண் இந்த வழியாக வருவாள் என்று எதிர்பார்க்கவில்லை போல. கீழே வந்தபோது பதினாறாவது இடம். உறையில் ஒட்டிய தபால்தலை அவள் கண்முன் வந்தது. அதில் ஒரு மலையாட்டின் படம். ஆடு அவளையே பார்த்தது.

தண்ணீர்க் குப்பி வாங்கும் இடத்தில் குர்தின் காத்திருந்தான். அங்கே மெக்கானிக் குப்பி கொடுக்கலாம், கத்தலாம். சைக்கிளைத் தொட வேண்டும் என்றால் அதற்கென்று அடையாளம் போட்ட கட்டத்துக்குள் அவள் போய் நிற்க வேண்டும். அவள் சரளைக்கல்லில் ஏறி வரும்போதே அவன் முகம் மாறியது. அவன் அவளைப் பார்க்கவில்லை, முன்சக்கரத்தைப் பார்த்தான். டயர் கல்லில் துள்ளும் சத்தத்தைக் காதைக் கொடுத்துக் கேட்டான். குப்பியை நீட்டியபடி கூடவே ஓட ஆரம்பித்தான்.

"ஐதா, கோட்டுல காத்த எறக்குனியா?"

"இல்ல."

"எறக்கலயா?"

"நீதான தொடாதன்னு எழுதின?"

குர்தின் ஓடிக்கொண்டே வெளுத்துப்போனான். "ஏய், நீ எப்பவும் எறக்குவியேடி. ரெண்டு எண்ணுவியே. அதுக்குச் சேத்துதான் அடிச்சேன். ஒண்ணேகால் இல்ல அது. ஒண்ணரை. நில்லு, கட்டத்துக்கு வா."

ஆனால் சக்கரம் அதற்குள் கட்டத்தைத் தாண்டியிருந்தது. பின்னால் திரும்பி ஓட்டினால் நீக்கிவிடுவார்கள். அவன் குரல் மட்டும் கொஞ்ச தூரம் கூட வந்தது. நீயே எறக்கு, ரெண்டு எண்ணு, ரெண்டே ரெண்டு.

முதலில் கோபம்தான் வந்தது. ஒன்றரைக் காற்றோடு ஈர வேரில் அனுப்பியிருக்கிறான், சொந்த அண்ணன். புல்வெளி ஏற்றத்தில் பாதிவரை அவனை மனசார வைதுகொண்டே மிதித்தாள். மீதிப் பாதியில் கோபம் வடிந்து, அதற்கு அடியில் இருந்தது வெளியே வந்தது.

அதுவரை கெட்டது அவள் என்று நினைத்திருந்தாள். அது வேதனைதான், ஆனால் பாதுகாப்பான வேதனை. கெட்டுப்போனவள் தள்ளுவண்டிப் பாதையில் போகலாம், திங்கட்கிழமை உறையைப் போடலாம், யாரும் ஒன்றும் கேட்க முடியாது. இப்போது டயர்தான் துள்ளியது என்று தெரிந்துவிட்டது. டயரைச் சரி செய்யலாம். சரி செய்துவிட்டால்? இறங்காமல் இருக்க எந்தக் காரணமும் மிச்சமில்லை.

வால்வைத் தொடாமலே விட்டுவிடலாம். கேட்காத மாதிரி, மறந்த மாதிரி. யாருக்குத் தெரியும்?

ஏணியின் உச்சியில் பிரேக்கைப் பிடித்து இறங்கினாள். ரியேத் மணியை ஆட்டுவதை நிறுத்திவிட்டு, உதவிக்கு வரக்கூடாது என்ற விதி ஞாபகம் வந்து, எடுத்துவைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஐதா மண்டியிட்டாள். கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றினாள். நாடாவைப் பிய்த்தாள். வால்வை அழுத்தினாள்.

தொடக்கக் கோட்டில் இந்தச் சத்தம் எப்போதும் கூட்டத்தோடு கேட்கும். காட்டில் அது தனியாகக் கேட்டது. ஒன்று. இரண்டு. நிறுத்தினாள். ஓர் ஆள் தாண்டிப் போனாள், இன்னொருத்தி. ஐதா சைக்கிளைத் தூக்கி முதல் வேரின்மேல் முன்சக்கரத்தை வைத்து, உடம்பின் பாரத்தை முழுக்க அதன்மேல் போட்டாள். டயர் கொஞ்சம் அமுங்கியது. போதாது என்று கட்டைவிரலுக்குத் தோன்றியது. கட்டைவிரல் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் நடுங்கிக்கொண்டே சரியாகச் சொல்கிற மாதிரியும் இருந்தது. மறுபடி குனிந்தாள். மூன்று. மறுபடி வேரில் வைத்து அழுத்தினாள். இப்போது ரப்பர் வேரைச் சுற்றி, தூங்கும் குழந்தை விரலைப் பிடிப்பது மாதிரி மடிந்தது. இதற்குமேல் ஒரு மூச்சு குறைந்தாலும் டயருக்குள் இருக்கும் சக்கர விளிம்பு வேரில் இடித்து உடையும். நடுவில் இருந்த இடம் அவ்வளவு சின்னது.

ஏறி உட்கார்ந்தாள். வலது பக்கம் தள்ளுவண்டிப் பாதை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. பெடலை ஒரே ஒரு சுற்று மிதித்தாள்.

முதல் வேர். டயர் துள்ளவில்லை. இரண்டாவது வேர். வழுக்கியது, வழுக்கி நின்றது. மூன்றாவது, முழங்கை. கறுப்பாக, மினுமினுவென்று, போன வருடம் இருந்த அதே இடத்தில், அவளுக்காகவே காத்திருந்த மாதிரி. அவள் விரல்கள் பிரேக்கை இறுக்கிப் பிடிக்கத் துடித்தன, பிடித்தால் முடிந்தது. பின்சக்கரம் ஒரு பக்கமாக ஓடியது. முன்சக்கரம் வேரின்மேல் ஏறி, நின்று, என்னவோ யோசிப்பதுபோல ஒரு கணம் இருந்து, அந்தப் பக்கம் இறங்கியது. அதற்குப் பிறகு இன்னும் எட்டு வேர்கள். அவற்றை அவள் பார்க்கவே இல்லை, சக்கரம் பார்த்துக்கொண்டது.

கீழே வந்தபோது யாரோ தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச தூரம் போன பிறகுதான் அது தன் குரல் என்று தெரிந்தது.

ஒரு தடவை இறங்கிவிட்டால் பயம் போய்விடும் என்று ரகசியமாக நம்பியிருந்தாள். போகவில்லை. நான்காவது சுற்றிலும் அதே பிசின் வாசனை, பிரேக்கைத் தேடும் அதே விரல்கள். ஐந்தாவதில் இன்னும் மோசம், ஏனென்றால் இப்போது டயர் எங்கே விளிம்பைத் தொடும் என்பதும் தெரியும். அந்தச் சுற்றில் முழங்கையில் விளிம்பு ஒருமுறை டங்கென்று இடித்தது. சக்கரம் உடையவில்லை. பதினெட்டாவது இடத்தில் முடித்தாள். ஜெயித்தது சொலேன்தான்.

பள்ளிக்கூடக் கூடத்தில் எல்லோருக்கும் பார்லி சூப் ஊற்றினார்கள். ஐதா கரண்டியைப் பிடித்தாள், கரண்டி கிண்ணத்தில் பட்டுத் தந்தி அடித்தது. கீழே வைத்துவிட்டாள். ரியேத் பக்கத்து மேசையிலிருந்து எட்டிப் பார்த்து, ஏணியில் இறங்கும்போது அவள் கத்திய வார்த்தைகளில் இரண்டைத் தன் மாட்டுக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போவதாகச் சொன்னார். அதில் ஒன்று அண்ணனைப் பற்றியது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

குர்தின் சிரிக்கவில்லை. முன்சக்கரத்தைக் கழற்றிக் கொண்டுவந்து மடியில் வைத்திருந்தான். அளவுமானியை வால்வில் வைத்தான். வெகுநேரம் பார்த்தான்.

"ஒண்ணு புள்ளி ஒண்ணு," என்றான். "இவ்ளோ கம்மியா நான் ஒருநாளும் யாருக்கும் வெச்சதில்ல. இதுல மூணு தடவை எறங்கினியா?" விளிம்பில் இடித்த தழும்பை விரலால் தடவினான். அவன் விரல் நடுங்குவதை ஐதா முதல் தடவையாகப் பார்த்தாள்.

ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டாள். ஒண்ணரை என்று சொன்னால் இன்னும் நாலு எண்ணி எறக்கியிருப்பாய், அதான் என்றான். நீ பயத்துல இருக்கேன்னு தெரியும், பயத்துல இருக்கறவ எறக்காம இருப்பான்னு நான் கனவா கண்டேன் என்றான்.

"நான் பயத்துல இருக்கேன்னு உனக்கு யாரு சொன்னது? இருபது தடவை எறங்கினேன்னு சொன்னேன்ல."

"ஏணி மண்ணு கறுப்பு. நீ இருபது தடவையும் கொண்டுவந்தது ஓடைக்கரைச் சாம்பல் மண்ணு. கழுவறது நான்தான."

ஐதா சூப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு கேரட் துண்டு மெதுவாகச் சுற்றியது. கழுவிக்கொண்டே எல்லாம் தெரிந்து, ஒரு வார்த்தை கேட்காமல் இருந்திருக்கிறான். அவளும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். ரெண்டு பேரும் பேசாமல் வைத்திருந்தது எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கால் அளவு காற்றாக டயருக்குள் போயிருக்கிறது.

"குர்தின், எனக்குப் பயமா இருக்கு," என்றாள். "இன்னும் இருக்கு. எறங்கினதுக்கு அப்புறமும்."

அவன் தலையாட்டினான். எனக்கும்தான் என்றான். அவள் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி, கரண்டி இல்லாமல் குடித்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை. உறை கிழியவில்லை, தபாலிலும் போகவில்லை. கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. ஒன்பது மணிக்கு ஐதா கடைக்கு வந்து, ஏணிக்குப் போகிறேன், நீயும் வந்து முழங்கைப் பக்கம் நில்லு, ஒன்றும் பேசாதே என்றாள். குர்தின் கடைக் கதவில் 'அரை மணியில் வருகிறேன்' பலகையை மாட்டினான். புதுச் சக்கரத்தில் அவளுக்கு முதுகைக் காட்டாமல் உட்கார்ந்து காற்றடித்தான்.

"எவ்வளவு?" என்றாள்.

"ஒண்ணேகால்."

ஐதா அவன் கையிலிருந்து அளவுமானியை வாங்கி, வால்வில் வைத்துப் பார்த்தாள்.